பச்சைக் காரில் பிள்ளையார் எறும்பு

எங்கள் மேஸ்திரிக்கு வலது கைக் கட்டைவிரல் சும்மா இருக்காது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் பள்ளம் இருக்கிறதா என்று தேடும், இருந்தால் தடவி நிரவிவிடும். ஓட்டலில் தோசை வந்தால், நடுவில் இருக்கும் பொத்தலின்மேல் கொஞ்சம் சட்னியை வைத்து, ஓரத்தை விரலால் இழுத்துவிட்டு, தோசையை முழுசாக்கிய பிறகுதான் பிட்டு வாயில் போடுவார். தின்னப்போகிற தோசைக்கு எதற்கு இந்த வைத்தியம் என்று நான் கேட்டிருக்கிறேன். "பொத்தலோட எப்படித் தம்பி உள்ள அனுப்புறது" என்பார்.

அறுபதுகளில் காரைக்குடியில் கார் வைத்திருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியவில்லை என்றால் அவர்களுடைய கார் இன்னும் எதிலும் மோதவில்லை என்று அர்த்தம். கொத்தனார் குடும்பத்தில் வந்தவர். பெரிய வீடுகளின் சுவருக்குச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டி, கடுக்காய்த் தண்ணீர் எல்லாம் சேர்த்துப் பூச்சுப் போட்டு, கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி மெருகேற்றுவதுதான் அவர்கள் வேலை. பர்மாவிலிருந்து பணம் வருவது நின்று புது வீடு கட்டுவாரில்லாமல் போனதும், பூசும் கரணையைக் கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். பழைய வீடுகளின் கொட்டகைகளில் சீமை பிளஷர் கார்கள் துருப்பிடித்து நின்றன. துருப்பிடித்த இடமெல்லாம் பொத்தல். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, டிங்கர், பட்டி, பெயிண்ட் என்று பலகை மாட்டிவிட்டார். கட்டடத்திலும் மேஸ்திரி, கார்ப் பட்டறையிலும் மேஸ்திரி. கூப்பிடுகிறவர்களுக்குச் சிரமம் வைக்காமல் தொழிலை மாற்றிக்கொண்டார்.

காரின் தகரம் நசுங்கினால் ஒழுங்கான டிங்கர் அதைத் தட்டி நிமிர்த்துவார். உளுத்துப்போன தகரம் என்றால் வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைத்துப் பற்றவைப்பார். கடைசியில்தான் மேடு பள்ளம் தெரியாமலிருக்க மெல்லிசாகப் பட்டி தடவுவார். எங்கள் மேஸ்திரி முதல் இரண்டு வேலைகளையும் விட்டுவிட்டு நேராக மூன்றாவதற்கு வந்துவிடுவார். பொத்தலுக்குள் தேங்காய் நாரைத் திணிப்பார், சாக்குத் துண்டை வைப்பார், மேலே தன் குடும்பத்துப் பூச்சைப் பூசுவார். பெயிண்ட் அடித்து முடித்தால், சத்தியமாகச் சொல்கிறேன், சீமையில் செய்த இடத்தைவிட அவர் செய்த இடம்தான் பளபளப்பாக இருக்கும்.

"ஓட்டைன்னு ஒண்ணு கிடையாது தம்பி. பூச்சு விழாத இடம், அம்புட்டுத்தேன்" என்பது அவருடைய வேதாந்தம்.

வக்கீல் ஒருவருடைய கார் ஒக்கூர் போகிற வழியில் கதவின் அடிப்பாகத்தை ரோட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டது. பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் அதைப் பத்திரமாக எடுத்துவந்து கொடுத்தார். வக்கீல் அதை மடியில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து இறங்கினார். கோபத்தில் அதை மேஸ்திரியின் முகத்துக்கு நேரே ஆட்டினார். மேஸ்திரி அந்தத் துண்டை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கதவுதேன் விட்டுப்போச்சு. பூச்சு எங்கனயாச்சும் கீறல் விட்டிருக்கா பாருங்க. ரோட்டுல விழுந்தும் முழுசா இருக்கு" என்று அவரிடமே நீட்டினார்.

மனிதர்களுக்கும் இதே வைத்தியம்தான். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் சாக்கடைத் தகராறில் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள். மேஸ்திரி ஒருவரிடம் போய், "அவரு மனசுக்குள்ள அழுகுறாரு, மன்னிச்சுக்கச் சொன்னாரு" என்றார். மற்றவரிடம் போயும் அதையே சொன்னார். இருவருக்கும் மனம் இளகிவிட்டது. மறுநாள் காலை இருவரும் நடுத்தெருவில் சந்தித்து, ஒரே சமயத்தில், பெருந்தன்மையாக, "சரி, நான் மன்னிச்சிட்டேன்" என்றார்கள். நான் எப்போது மன்னிப்புக் கேட்டேன் என்று அவரும், நான் எதற்குக் கேட்க வேண்டும் என்று இவரும் ஆரம்பித்து, அதுவரை சாக்கடையோடு நின்றிருந்த தகராறு குடும்ப மானம் வரைக்கும் போய்விட்டது. மேஸ்திரிக்குத் தன் வேலையில் குறை தெரியவில்லை. "பூச்சுக் காயுறதுக்குள்ள கை வச்சுட்டாக" என்றார்.

பட்டறைக்கு அடுத்த வீட்டில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். அப்பா இல்லை. நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஒரு கார் வாங்கிக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்று எனக்கு ஆசை. மேஸ்திரிதான் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் கிடந்த பச்சைக் காரைக் காட்டிக்கொடுத்தார். கோழி அடைகாத்துக்கொண்டிருந்த கார் அது. என்ஜின் நன்றாக இருந்தது, உடம்பு மட்டும் சல்லடை. வக்கீல் கதை எனக்குத் தெரியுமாதலால், "மேஸ்திரி, எனக்கு அந்த முட்டை வேலை வேண்டாம். வெட்டிப் புதுத் தகரம் வைங்க" என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"உனக்குப் போயி அப்படிச் செய்வேனா தம்பி" என்றார். புதுத் தகரம் வாங்கிவந்து என் கண்முன்னால் தட்டியும் காட்டினார். அந்தத் தகரம் பட்டறைக் கூரையில் ஏறியது பிற்பாடுதான் தெரிந்தது.

காரை நம்பித்தான் எனக்குக் கண்டரமாணிக்கத்தில் பெண் பார்த்தார்கள். விவசாயக் குடும்பம், நல்ல மனிதர்கள். பெண்ணின் அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. மூத்த மகளை ஓவர்சியர் என்று சொன்ன ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகுதான் மாப்பிள்ளை ஓவர்சியருக்குக் குடை பிடிக்கிறவர் என்று தெரிந்தது. அதிலிருந்து, "என்ன குறை இருந்தாலும் சொல்லிருங்க, பேசிக்கலாம். மறைச்சது தெரிஞ்சா அப்பயே முடிஞ்சது" என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு நாங்கள் யாரை அழைத்துக்கொண்டு போனோம் தெரியுமா? என் தாய்மாமன் சபையில் வாய் திறக்க மாட்டார். பேசத் தெரிந்த பெரியவர் ஒருவர் வேண்டும் என்று அம்மா மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டாள். அவரும் சலவை வேட்டி கட்டி, வழுக்கையை மறைக்கக் காதோரத்து முடியை அங்குட்டு எடுத்து இங்குட்டுப் படியவைத்து, முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

அந்தப் பெண் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நான் முதல் டம்ளரைக் குடித்து முடித்தேன். அவளாகவே இரண்டாவது டம்ளரை நீட்டினாள். நான் கையை நீட்டுவதற்குள் மேஸ்திரி தன் வேலையை ஆரம்பித்துவிட்டார். "தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. வெத்தலை கிடையாது, பொடி கிடையாது, காப்பியே தொடமாட்டான்னா பாருங்களேன். உங்க வீடாச்சேன்னு மரியாதைக்கு ஒரு டம்ளர் குடிச்சான்."

அவள் என்னைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், என் கை பாதி வழியில் நிற்பதைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றிவிட்டது. காப்பி போனதிலும் வருத்தம்தான்.

மேஸ்திரி நிறுத்தவில்லை. நான் விடியுமுன் எழுந்து குளிப்பதையும், பஸ்ஸில் வரும் வயதானவர்களைக் கையைப் பிடித்து இறக்கிவிடுவதையும் அவர் சொல்லக் கேட்டு நானே என்னை மெச்சிக்கொண்டேன். பெண்ணின் அப்பா குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "வேற எதுவும் சொல்ல வேண்டியது இருக்கா?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார் மேஸ்திரி.

"அப்பச் சரி, காரைப் பாத்துருவோம்" என்று அவர் எழுந்தார்.

வேப்பமரத்தடியில் கார் நின்றது. என் தாய்மாமன் பலகாரம் சாப்பிட்ட கையோடு பின்சீட்டில் போய்ப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மரத்தின் தூரிலிருந்து ஒரு கறுப்புக் கோடு புறப்பட்டு, மண்ணில் இறங்கி, டயரில் ஏறி, பின்கதவின் அடியில் போய் மறைந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் கோடு நடந்துகொண்டிருந்தது. அத்தனையும் எறும்பு.

மேஸ்திரியைப் பார்த்தேன். அவருக்குக் கண் இமைக்கிற நேரம்தான் தேவைப்பட்டது.

"பிள்ளையார் எறும்புங்க" என்றார், கையைக் கூப்பி. "கடிக்கவே கடிக்காது. நல்ல காரியம் பேசுற எடத்துல பிள்ளையாரே வந்து சம்மதம் சொல்றாரு. இது எல்லாருக்கும் வாய்க்காதுங்க."

வாசலில் நின்ற பெண்ணின் அம்மா உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெண்ணின் அப்பா குனிந்து எறும்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பிள்ளையாரு வாராரு, சரி. தகரத்துக்குள்ள எதுக்குப் போறாரு?" என்றார். விரலை மடக்கிக் கதவைத் தட்டினார். மேல்பக்கம் டங்கென்றது. கொஞ்சம் கீழே தட்டினார். அங்கே சுவரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. இன்னும் ஒரு தடவை ஓங்கித் தட்டினார்.

கதவின் கீழ்ப்பாதி முழுசாகப் பெயர்ந்து, வாட்டிய அப்பளம் மாதிரி அவர் காலடியில் விழுந்தது. வெளிப்பக்கம் பச்சை, கண்ணாடி மாதிரிதான் இருந்தது. உள்பக்கம் தேங்காய் நாரும், சாக்கும், கருப்பட்டி வாசனையும். தகரத்தில் பூச்சுச் சரியாகப் பிடிக்கவில்லை என்று கருப்பட்டியைக் கூட்டிப் போட்டிருக்கிறார் மனிதர். கதவின் உள் அட்டை எப்போதோ உளுத்துப்போயிருந்ததால், பொத்தல் வழியாக என் தாய்மாமனின் பாதம் தெரிந்தது. காற்றுப் பட்டதும் அந்தப் பாதம் விரல்களை ஒருமுறை மடக்கிவிட்டு உள்ளே போய்விட்டது.

யாரும் சிரிக்கவில்லை. பெண்ணின் அப்பா மேஸ்திரியைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார். "கார் யாருது?"

"என்னுதுதாங்க" என்றேன்.

"ஒரு சம்பந்தத்துல ஏமாந்தவன்னு தெரிஞ்சுந்தேன் வந்திருக்கீக. இருக்கட்டும். வெயிலு தாழ்ந்ததும் பொறப்படுங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி குனிந்து அந்தத் துண்டை எடுத்துப் பொத்தலில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் ஓரத்தை நிரவப் போனது. அப்புறம் அது நின்றுவிட்டது. அந்த விரல் தானாக நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நாந்தேங்க செஞ்சேன்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "தம்பிக்குத் தெரியாது. தகரம்தேன் வைக்கணும்னு சொன்னான். புதுத் தகரத்தைக் காட்டி ஏமாத்திப்புட்டேன். பெரிய பொத்தலு, பொண்ணு பாக்குற நாளும் கிட்டத்துல வந்துருச்சு. தப்பு என்னுதுங்க."

பெண்ணின் அப்பா லேசாகத் தலையை ஆட்டினார். "நல்லாப் பேசுறீக. காரைப் பூசுனது பத்தாதுன்னு இப்ப இவரைப் பூசுறீக."

மேஸ்திரி திகைத்துப்போனார். அம்மன்மேல் சத்தியம் என்றார், சத்தியம் செய்யச் செய்ய நிலைமை மோசமானது. கண்ணீர்கூட வந்தது, அதுவும் அளவோடு அழகாக வந்து தொலைத்தது. பாவம், அவர் வாயிலிருந்து எது வந்தாலும் மெருகோடுதான் வந்தது. உண்மையை மெருகில்லாமல் சொல்ல அந்த மனிதருக்குப் பழக்கமில்லை. எனக்கு அவரைக் கொன்றுவிடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

அப்போது வாசற்படியிலிருந்து அந்தப் பெண் பேசினாள்.

"அப்பா, இதைப் பூசுனது யாருன்னு தெரியணும், அம்புட்டுத்தானே? ரெண்டு பேரையும் பூசச் சொல்லுங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசுவதாவது என்று அவள் அம்மா முறைத்தார். ஆனால் அப்பாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. அவள் உள்ளே போய் ஒரு கூடை முட்டை, பணியாரத்துக்கு வைத்திருந்த கருப்பட்டி, வெள்ளையடிக்க ஊறப்போட்டிருந்த சுண்ணாம்பு, இரண்டு சட்டி எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு முட்டையை நீட்டினாள். "வெள்ளைக்கருவை மட்டும் பிரிங்க."

நான் பஸ் ஓட்டுகிறவன். முட்டையைத் தின்றிருக்கிறேன், பிரித்ததில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடி பிடித்தேன். மஞ்சள்கரு மணிக்கட்டு வழியாக முழங்கைக்குப் போய், என் வேட்டியில் சொட்டியது. இன்னொன்று கொடுத்தாள். அது உள்ளங்கையிலேயே ஓட்டோடு நொறுங்கியது. அடுத்தது கைதவறி என் தாய்மாமனின் செருப்பில் விழுந்தது. அவளுக்குத் தோள் குலுங்கியது, ஆனாலும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு அடுத்த முட்டையை எடுத்துக்கொடுத்தாள். எப்படியோ குழைத்து எடுத்துக்கொண்டுபோய் இந்தப்பக்கத்துக் கதவில் அப்பினேன். அது அப்படியே வழுக்கி இறங்கித் தரையில் உட்கார்ந்தது. ஒரு கோழி வந்து அதைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

அந்தப்பக்கம் மேஸ்திரி தான் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார். ஒரே கையால் முட்டையைத் தட்டி வெள்ளைக்கருவை இழையாக இறக்கினார். "இந்தக் கருப்பட்டி கொஞ்சம் ஈரப்பதமா இருக்கு ஆத்தா, உடன்குடிக் கருப்பட்டி இருக்கா?" என்று கேட்டுவேறு வாங்கினார். பொத்தலில் புதுச் சாக்கை வைத்து, பூசி, இழுத்து, ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்க்கத் தேய்க்கப் பெண்ணின் அப்பா கிட்டே கிட்டே வந்தார். கடைசியில் அந்த இடத்தில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டார். சுண்ணாம்பு சரியாக வேகாததால் அது சாயங்காலமே உதிர்ந்துவிட்டது, அது வேறு விஷயம்.

பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பி, மேலிருந்து கீழ்வரை முட்டையாக நின்ற என்னைப் பார்த்தார். மீசைக்கடியில் ஏதோ அசைந்தது.

"இவரு பூசலை. இவருக்கு மறைக்கவே வராது போல" என்றார். பிறகு, "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காப்பி குடிப்பீகளா?"

"குடிப்பேங்க. ரெண்டு டம்ளர்."

அவள் எழுந்து உள்ளே போனாள். இரண்டாவது டம்ளர் வந்தது. அந்த ஆவணியிலேயே கல்யாணம்.

அன்றைக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் மேஸ்திரி உம்மென்று இருந்தார். நாட்டரசன்கோட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தகவல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று அம்மா சொன்னதால் சுற்றுவழியில் வந்தோம், அங்கேயும் அவர் வாய் திறக்கவில்லை. ஊர் நெருங்கும்போதுதான் பேசினார். "பாத்தியா தம்பி. ஒரு உண்மையைச் சொல்றதுக்குள்ள அரைக்கூடை முட்டை போச்சு. பொய்யிக்கு ஒரு செலவு உண்டா?"

அதனால் அவர் திருந்தினார் என்று நினைக்க வேண்டாம். எழுபதுகளில் மதராசிலிருந்து டப்பாவில் அடைத்த பட்டி வந்தது. எல்லாப் பட்டறைகளும் அதற்கு மாறின. அவரும் மாறினார், ஆனால் மனமில்லாமல். டப்பாவை முகர்ந்து பார்த்து, "இதுல ஒரு எறும்பாச்சும் ஏறுமா?" என்று குறைபட்டுக்கொண்டார். என் காருக்கு மதுரையில் தகரம் வைத்துச் சரிசெய்துவிட்டேன். அவருக்கு அதில் கொஞ்சநாள் கோபம் இருந்தது.

எங்கள் வீட்டிலோ அந்த முட்டை குடிவந்துவிட்டது. நான் எதையாவது பூசி மெழுகிப் பேசினால் என் மனைவி சண்டை போடமாட்டாள். அடுப்படிக்குப் போய் ஒரு முட்டையை எடுத்துவந்து என் எதிரில் வைப்பாள். நான் உண்மையைச் சொல்லிவிடுவேன். இந்தக் கதை தெரிந்து மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். "பிரிக்கச் சொல்லிராதே ஆத்தா, வேட்டி பாழாயிரும்" என்றார்.

எழுபதுகளின் கடைசியில் அவர் படுக்கையில் விழுந்தார். பார்க்கப் போகிறவர்களிடமெல்லாம் வெறும் சளிதான் என்றார். டாக்டர் கொஞ்சம் பயந்த ஆள், சின்ன விஷயத்தைப் பெரிசாக்குகிறார் என்றார். கன்னம் ஒட்டிப்போனது தெரியாமலிருக்க தினம் சவரம் செய்து பவுடர் போட்டுக்கொண்டார். நானும் மனைவியும் போனபோது, "அடுத்த மாசம் எந்திரிச்சு உன் காருக்குப் பெயிண்டு அடிக்கிறேன் பாரு. நிறம் செத்துப்போச்சு" என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கொண்டுபோயிருந்த பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். ஒன்றும் சொல்லாமல் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் சிரித்தார். கட்டைவிரல் முட்டையைத் தடவத் தொடங்கியது. ஒரு பக்கம் முழுக்கத் தடவி, திருப்பி, மறுபக்கமும் தடவியது. ஒரு பள்ளமும் அகப்படவில்லை. "இதுல பூச எடமே இல்லையே ஆத்தா" என்றார்.

முட்டையை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "வலிக்குது ஆத்தா" என்றார்.

அவர் சொல்லி, யாரும் சோதித்துப் பார்க்காமல் நம்பிய உண்மை அது ஒன்றுதான்.